ஊசி போட்ட பிறகு ஐ.எல்-6 ஏறியது ஏன்?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குப் பல வருஷமாக ருமட்டாய்டு முடக்குவாதம். கோயமுத்தூரில் பார்க்கும் டாக்டர் டோசிலிசுமாப் என்ற ஊசியைத் தொடங்கி, "இன்டர்லூக்கின்-6 (ஐ.எல்-6) என்ற புரதம் செல்லில் ஒட்டவிடாமல் இது தடுக்கும்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு ஊசி ஆன பிறகு, சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால், டாக்டரிடம் கேட்காமலே ரத்தத்தில் அந்த ஐ.எல்-6 எவ்வளவு என்று பார்த்திருக்கிறார்கள். முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது. "அந்தப் புரதத்துக்கு எந்தச் செல்லில் ஒட்டணும்னு எப்படித் தெரியுது? பூட்டும் சாவியும் மாதிரின்னு சொல்றாங்களே, அது சரிதானுங்களா? ஊசி வேலை செய்யலீங்களா?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

மூன்றாவது கேள்விதான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கும். அதனால் அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.எல்-6 ஏறியிருப்பது மட்டும் ஊசி தோற்றதற்கு அடையாளம் ஆகாது. இந்த மருந்து போட்டவர்களுக்கு அந்த எண் ஏறுவது எதிர்பார்த்த ஒன்றுதான். ஏன் ஏறுகிறது என்பது புரிய வேண்டுமானால் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிய வேண்டும். நான் உயிர்வேதியியல் படித்தவன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இதே புரதத்தோடு சில வருஷம் மல்லுக்கட்டியவன், அப்புறம் கோவையில் கல்லூரியில் பாடம் எடுத்தவன். மருத்துவன் இல்லை. உங்கள் அம்மாவுக்கு இந்த ஊசி கேட்கிறதா இல்லையா என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இன்டர்லூக்கின்-6 சின்னப் புரதம். சுமார் 184 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே இழை, நான்கு சுருள்களாகச் சுருண்டு ஒரு கட்டாக நிற்கும். இதற்கான மரபணுவை 1986ல் ஜப்பானில், ஒசாகாவில் ததாமிட்சு கிஷிமோட்டோவின் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். உடம்பில் கிருமி நுழைந்தாலோ காயம் பட்டாலோ நோய் எதிர்ப்புச் செல்கள் இதை வெளியே விடும். முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வுச் செல்களும் ஓயாமல் விடுகின்றன. இப்படி ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதிப் புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பொதுப்பெயர். செல்லின் மேல்தோலில் நின்று அந்தச் சேதியை வாங்குவது ஏற்பி. டாக்டர்கள் ரிசப்டர் என்று சொல்வது இதைத்தான்.

எந்தச் செல்லில் ஒட்ட வேண்டும் என்று புரதத்துக்குத் தெரியாது. அது எதையும் தேடிப் போவதில்லை. உடம்பின் நீரில் வெப்பத்தால் எல்லா மூலக்கூறுகளும் இடைவிடாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இடியில் இதுவும் தள்ளாடித் திரிகிறது. இந்த அளவுள்ள புரதம் ஒரு செல்லின் அகலத்தைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. வழியில் எத்தனையோ செல்களின் மேல் மோதும், எத்தனையோ புரதங்களின் மேல் உரசும். பெரும்பாலான மோதலில் ஒன்றும் நடக்காது, விலகிப் போய்விடும். சரியான ஏற்பியின் மேல், சரியான பக்கம் பட்டால் மட்டும் விலகத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைத்தான் நாம் ஒட்டுதல் என்கிறோம்.

ஏன் தாமதமாகிறது? இரண்டு பரப்புகளின் மேடும் பள்ளமும் ஒன்றுக்கொன்று படிகின்றன. ஒன்றில் எதிர்மின்னூட்டம் உள்ள இடத்துக்கு நேராக மற்றதில் நேர்மின்னூட்டம் வருகிறது. எண்ணெய்ப் பசை போலத் தண்ணீரோடு சேராத திட்டுகள் இரண்டிலும் உண்டு. அவை நேருக்கு நேர் வந்ததும் நடுவில் இருந்த நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடுகின்றன. ஒட்டுதலின் பலத்தில் பெரும்பங்கு இப்படி வெளியேறும் நீரிலிருந்து வருகிறது என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க நான் எப்போதும் ஒரு முழு வகுப்பு எடுத்துக்கொள்வேன். இன்னொரு விஷயமும் உண்டு. தொடும் பரப்பு முழுவதும் ஒரே பலத்தோடு பிடிப்பதில்லை. இதே குடும்பத்து ஏற்பியான வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியில், தொடும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். சுமார் 30 அமிலங்கள் தொட்டாலும் பிடிப்பின் பெரும்பகுதி அவற்றில் சிலவற்றிடம்தான் இருந்தது, அவற்றின் நடுவில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இரண்டு நின்றன. 1995ல் வெளிவந்த ஆய்வு அது. மீதி அமிலங்கள் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான்.

ஒட்டியது ஒட்டியபடியே இருந்துவிடாது, பிரியவும் செய்யும். ஏற்பிகளில் சரிபாதி நிறைய எவ்வளவு செறிவு வேண்டும் என்பதுதான் பிடிப்புக்கான அளவுகோல். அந்த எண் சிறியதாக இருக்க இருக்கப் பிடிப்பு இறுக்கம். இதை நானோமோலார் என்ற மிகச் சிறிய செறிவு அலகில் சொல்வார்கள். ஒரு நானோமோலார் பிடிப்புள்ள ஒரு ஜோடி, வழக்கமான வேகத்தில் சேர்வதாக வைத்துக்கொண்டால், சேர்ந்த ஜோடிகளில் பாதி பிரியப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். ஐ.எல்-6 தன் சொந்த ஏற்பியை மட்டும் பிடிக்கும் பிடிப்பு சில நானோமோலார் அளவில் இருக்கிறது. இந்தப் புரதத்துக்கு ஒரு நானோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 21,000 பிகோகிராம். நோயில்லாத ஒருவர் ரத்தத்தில் இருப்பதோ சில பிகோகிராம்தான். கணக்குப் போட்டால் ஏற்பிகளில் மிக மிகச் சொற்பம்தான் நிறைந்திருக்கும் என்று வருகிறது. பிறகு எப்படிச் சேதி போகிறது? இங்கேதான் பூட்டு சாவிக் கதையை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது.

பூட்டும் சாவியும் என்ற உவமையை 1894ல் எமில் ஃபிஷர் நொதிகளுக்காகச் சொன்னார். எது எதோடு பொருந்தும் என்பதை விளக்க இன்றைக்கும் அது நல்ல உவமைதான். ஆனால் சைட்டோகைன் ஏற்பி விஷயத்தில் அது ஒரு முக்கியமான இடத்தில் வழிதவறச் செய்கிறது. சாவி நுழைந்து திரும்பினால் பூட்டு திறக்கும், அதோடு வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. ஐ.எல்-6 தன் ஏற்பியில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்த பிறகும் செல்லுக்குள் ஒன்றுமே நடக்காமல் இருக்கலாம்.

தமிழில் பூட்டு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். இந்த விஷயத்துக்கு அந்தப் பூட்டுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் அப்பாருவிடம் ஒரு ஜோடி காங்கேயம் மாடு இருந்தது. இரண்டும் தொண்டுப்பட்டியில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். நின்றால் மட்டும் உழவு நடந்துவிடுமா? நுகத்தடியை ஒரு மாட்டின் கழுத்தில் வைத்தாலும் நடக்காது. இரண்டு கழுத்தும் ஒரே நுகத்தடியின் கீழ் வந்து, பூட்டாங்கயிறு கட்டி, இடைவெளி சரியாக அமைந்தால்தான் கலப்பை நகரும். சைட்டோகைன் என்பது நுகத்தடி. செல்லின் மேல் தனித்தனியாக நிற்கும் ஏற்பிகளைச் சரியான இடைவெளியில், சரியான கோணத்தில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

ஐ.எல்-6ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் உடம்பில் மூன்று பிடிமுனைகள் இருக்கின்றன. முதல் முனையால் அது ஐ.எல்-6 ஏற்பியைப் பிடிக்கிறது. இந்த ஏற்பியின் உள்வால் குட்டையானது, சேதியைச் செல்லுக்குள் கடத்தும் திறன் அதற்கு இல்லை. கடத்துவது ஜி.பி.130 என்ற இன்னொரு ஏற்பி. அதன் எடை 130 கிலோடால்ட்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு) என்பதால் அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், ஐ.எல்-6 தனியாகப் போனால் ஜி.பி.130 அதைக் கண்டுகொள்ளாது. முதல் ஏற்பியோடு சேர்ந்து போனால்தான் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து ஏற்படுத்தும் புதுப் பரப்பைத்தான் ஜி.பி.130 பிடிக்கிறது. பிறகு மூன்றாவது முனை வழியாக இதே போன்ற இன்னொரு கூட்டத்தோடு அது இணைகிறது. ஐ.எல்-6 இரண்டு, அதன் ஏற்பி இரண்டு, ஜி.பி.130 இரண்டு என ஆறு உருப்படிகள் சேர்ந்த ஒரு கூடு உருவாகிறது. அந்தக் கூட்டின் வெளிப்பகுதியை 2003ல் படிகமாக்கி எக்ஸ்கதிரில் படம் எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு இந்த ஆறு என்ற எண்ணிக்கை பற்றிய சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது.

ஆறும் சேர்ந்ததும் பிடிப்பு வெகுவாக இறுகிவிடுகிறது. ஒன்று கழன்றாலும் மற்ற பிடிகள் விடாமல் வைத்திருக்கும், கழன்றது மறுபடி வந்து ஒட்ட நேரம் கிடைக்கும். ஐ.எல்-2 என்ற இன்னொரு சைட்டோகைனில் இதை எண்ணிலேயே பார்க்கலாம். அதன் ஆல்ஃபா ஏற்பி மட்டும் இருந்தால் பிடிப்பு சுமார் 10 நானோமோலார். ஆல்ஃபா, பீட்டா, காமா மூன்றும் சேர்ந்தால் சுமார் 10 பிகோமோலார். ஆயிரம் மடங்கு இறுக்கம். மேலே சொன்ன கணக்கு இடித்ததற்குப் பதில் இதுதான். சேதி போக எல்லா ஏற்பியும் நிறைய வேண்டியதில்லை, ஒரு சிறு எண்ணிக்கை ஜோடி சேர்ந்தாலே போதும். போதாததற்கு, முடக்குவாதம் வந்த மூட்டுக்குள் இருக்கும் நீரில் ஐ.எல்-6 ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கையில் எடுத்த ரத்தம் மூட்டுக்குள் நடப்பதை அப்படியே சொல்லாது.

ஜோடி சேர்ந்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜி.பி.130ன் உள்வாலில் ஜேக் என்ற நொதி ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இரண்டு வால்கள் நெருங்கினதும் இரண்டு ஜேக்குகள் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்றி விழித்துக்கொள்கின்றன. பிறகு வாலின் மேல் பாஸ்பேட் ஏற்றுகின்றன. அந்த இடத்தில் ஸ்டாட்-3 என்ற புரதம் வந்து உட்கார்ந்து, தானும் பாஸ்பேட் வாங்கிக்கொண்டு, கிளம்பிச் செல்லின் கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. ஒட்டிய நிமிஷத்திலிருந்து இதெல்லாம் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். கல்லீரல் செல்லில் இது நடந்தால் சி.ஆர்.பி. என்ற புரதம் உற்பத்தியாகும். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. என்று ஒரு வரி இருக்கும். அது கிட்டத்தட்ட இந்தச் சேதி கல்லீரலுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதற்கான ரசீது.

நுகத்தடி என்று நான் சொல்வது வெறும் உவமை இல்லை, சோதித்துப் பார்த்த விஷயம். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ரத்தம் ஊற எரித்ரோபொய்ட்டின் ஊசி போடுவது பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் ஏற்பியும் இதே குடும்பம்தான். 1996ல் வெறும் 20 அமினோ அமிலம் உள்ள ஒரு சின்னத் துண்டைக் காட்டினார்கள். எரித்ரோபொய்ட்டினோடு அதற்கு உருவத்திலோ வரிசையிலோ ஒற்றுமை கிடையாது. ஆனாலும் இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடித்ததால் செல் அதை எரித்ரோபொய்ட்டின் என்றே எடுத்துக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து அதே துண்டில் சிறு மாற்றம் செய்த இன்னொன்று வந்தது. அதுவும் இரண்டு ஏற்பிகளைச் சேர்த்தது, ஆனால் கோணம் சற்று மாறியிருந்தது. சேதி போகவில்லை. மாடுகள் பூட்டியாகிவிட்டன, முகம் மட்டும் வேறு வேறு திசையில்.

வளர்ச்சி ஹார்மோனில் கிடைத்த சான்று எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு ஹார்மோன் மூலக்கூறு இரண்டு ஏற்பிகளைச் சேர்க்க வேண்டும். ஹார்மோனின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் செல் காட்டும் பதில் முதலில் ஏறுகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஹார்மோன் மிதமிஞ்சும்போது ஒவ்வொரு ஏற்பிக்கும் தனித்தனியாக ஒரு ஹார்மோன் கிடைத்துவிடுகிறது. ஆளுக்கொரு நுகத்தடி, ஜோடி இல்லை. பூட்டு சாவிக் கதையில் சாவி அதிகமானால் பூட்டு திறக்காமல் போவதற்கு விளக்கமே கிடையாது. உடம்பே இந்தத் தந்திரத்தை வைத்திருக்கிறது. ஐ.எல்-1 என்ற சைட்டோகைனுக்கு ஒரு எதிராளியை உடம்பு தானே செய்கிறது. அது ஐ.எல்-1ன் ஏற்பியில் நன்றாக ஒட்டும், ஆனால் துணை ஏற்பியைக் கூட்டிவராது. இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அதையே மருந்தாக்கி அனகின்ரா என்ற பெயரில் 2001லிருந்து முடக்குவாதத்துக்குக் கொடுக்கிறார்கள்.

இந்த வித்தியாசத்தை நான் கற்றது ஒரு தவறில். மாணவனாக இருந்தபோது ஐ.எல்-6ன் மூன்றாவது முனையில் மாற்றம் செய்த ஒரு வகையை பாக்டீரியாவில் வளர்த்துச் சுத்தம் செய்தேன். ஏற்பியைத் தங்கப் பூச்சுள்ள ஒரு சின்னச் சில்லில் (சிப்) ஒட்டி, அதன் மேல் புரதத்தை ஓடவிட்டு, எவ்வளவு ஒட்டுகிறது என்று கோடு வரையும் கருவி ஒன்று உண்டு. அதில் என் புரதம் அசல் ஐ.எல்-6 போலவே அழகாக ஏறி இறங்கியது. நல்ல புரதம் என்று எழுதிவைத்தேன். செல்களின் மேல் விட்டால் ஸ்டாட்-3 அசையவே இல்லை. செல் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுச் செல் வாங்கினேன், மருந்து கெட்டுவிட்டது என்று மாற்றினேன். மூன்று மாதம் போனது. சில்லின் மேல் நான் முதல் ஏற்பியை மட்டும்தான் ஒட்டியிருந்தேன். அது அளந்தது முதல் பிடியை மட்டும். அசல் புரதத்தோடு கலந்து செல்லுக்குக் கொடுத்தபோது என் புரதம் அசலைத் தடுக்கவே செய்தது. அன்றிலிருந்து யாராவது "நன்றாக ஒட்டுகிறது" என்றால் எதில், எத்தனை ஏற்பியோடு என்று கேட்காமல் விடுவதில்லை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். எந்தச் செல் சேதியைக் கேட்கும் என்பதை முடிவு செய்வது எந்தச் செல் எந்த ஏற்பியை வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதுதான். ஜி.பி.130 உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருக்கிறது. ஐ.எல்-6 ஏற்பி கல்லீரல் செல்களிலும் சில வெள்ளணுக்களிலும்தான் முக்கியமாக இருக்கிறது. அதோடு முடிந்திருந்தால் எளிது. ஐ.எல்-6 ஏற்பியின் வெளிப்பகுதி அறுபட்டு ரத்தத்திலும் மிதக்கிறது. அந்த மிதக்கும் ஏற்பி ஐ.எல்-6ஐப் பிடித்துக்கொண்டு, சொந்தமாக ஏற்பி இல்லாத, ஜி.பி.130 மட்டும் உள்ள செல்லிடம் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் சேதி போய்விடும். மூட்டின் உள்சவ்வுச் செல்கள் சேதி வாங்குவதில் இந்தச் சுற்றுவழிக்குப் பெரும்பங்கு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

டோசிலிசுமாப் ஐ.எல்-6ஐத் தொடுவதே இல்லை. அது ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் இறுகப் பிடிக்கும் புரதம். ஐ.எல்-6 ஏற்பியில், ஐ.எல்-6 வந்து உட்கார வேண்டிய இடத்தை அது மறைத்துக்கொள்கிறது. செல்லின் மேல் உள்ள ஏற்பியையும் பிடிக்கும், ரத்தத்தில் மிதப்பதையும் பிடிக்கும். மருந்து தடுப்பது ஒட்டுவதை மட்டும்தான், உற்பத்தியை இல்லை. சாதாரணமாக ஐ.எல்-6 ஏற்பியில் ஒட்டியதும் செல் அந்தக் கூட்டத்தையே உள்ளே இழுத்துச் செரித்துவிடும். ரத்தத்திலிருந்து ஐ.எல்-6 குறைவதற்கு முக்கியமான வழிகளில் அது ஒன்று. ஏற்பியை மறைத்ததும் அந்த வழி அடைபடுகிறது.

நீங்கள் கீழ்பவானிப் பாசனப் பகுதிக்காரர், அதனால் இப்படிச் சொன்னால் எளிதாக இருக்கும். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். பவானிசாகரில் அதே அளவு திறந்துவிட்டுக்கொண்டே, வழியில் உள்ள மதகுகளை எல்லாம் ஒரே நாளில் இறக்கிவிட்டால் வாய்க்காலில் நீர்மட்டம் என்ன ஆகும்? மளமளவென்று ஏறும். கரையில் நின்று பார்க்கிறவர் அணையில் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்று நினைப்பார். வயலுக்குப் போய்ப் பார்த்தால் மண் காய்ந்திருக்கும். நீங்கள் எடுத்த ஐ.எல்-6 அளவு வாய்க்காலின் மட்டம். வயல் நனைந்ததா என்பதை அது சொல்லாது. மிதக்கும் ஏற்பியின் அளவும் இதே போல மருந்துக்குப் பிறகு கூடும், ஏனென்றால் மருந்தோடு சேர்ந்த ஏற்பி ரத்தத்தை விட்டுப் போக அதிக நாள் எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு ஏற்றத்தையும் இந்த மருந்தை உருவாக்கிய ஜப்பானியக் குழுவினரே நோயாளிகளிடம் அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வயல் நனைவதைக் காட்டும் எண் சி.ஆர்.பி. மருந்து ஏற்பிகளை மறைத்துவிட்டால் கல்லீரலுக்குச் சேதி போகாது, சி.ஆர்.பி. இறங்கும். அது இறங்கியிருந்தால் மருந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. முதலாவது, சி.ஆர்.பி. இறங்கியதாலேயே மூட்டு குணமாகிவிட்டது என்று ஆகாது. இந்த மருந்து சி.ஆர்.பி.யை நேரடியாகவே அடக்கிவிடுவதால் அந்த எண் நோயைவிட வேகமாக இறங்கும். அதனால்தான் டாக்டர்கள் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து வீக்கத்தையும் வலியையும் எண்ணுகிறார்கள். இரண்டாவது எச்சரிக்கை அதைவிட முக்கியம், தயவுசெய்து இதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். கிருமித் தொற்று வந்தால் காய்ச்சலைக் கொண்டுவருவதிலும் சி.ஆர்.பி.யை ஏற்றுவதிலும் ஐ.எல்-6க்குப் பங்கு உண்டு. அந்த வழி அடைபட்டிருக்கும்போது நெஞ்சில் சளித் தொற்று வந்தாலும் காய்ச்சல் அதிகம் தெரியாமல், சி.ஆர்.பி. சாதாரணமாகவே காட்டக்கூடும். அம்மாவுக்கு இருமல், மூச்சுவாங்கல், வயிற்றுவலி, சிறுநீர் எரிச்சல், ஆறாத புண் என்று எது வந்தாலும், காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல், இந்த ஊசி போடுகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் உறுதியானவை. உறுதியாகாதவையும் உண்டு. ஏற்பிகள் செல்லின் மேல் தனித்தனியாக நின்று, சைட்டோகைன் வந்தபின்தான் ஜோடி சேர்கின்றனவா, அல்லது முன்பே ஜோடியாக நின்று, சைட்டோகைன் வந்ததும் திருகிக்கொள்கின்றனவா என்பதில் நீண்ட நாள் சண்டை நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி முன்பே ஜோடியாக நிற்கிறது என்று 2014ல் ஒரு குழு விரிவாகக் காட்டியது. உயிருள்ள செல்லில் ஏற்பிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்த இன்னொரு குழு 2020ல் அதே ஏற்பி தனியாகத்தான் நிற்கிறது, ஹார்மோன் வந்தபின் சேர்கிறது என்றது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் அந்த அளவீட்டில் செல்லின் மேல் ஏற்பிகளை இயல்பைவிட அதிகமாகக் குவிக்காமல் பார்த்தார்கள். குவித்தால் தானாகவே நெருக்கியடித்து ஜோடி போலத் தெரியும். ஆனால் எல்லா ஏற்பிக்கும் ஒரே விடைதான் என்று நான் நம்பவில்லை. என் நுகத்தடி உவமை இந்தச் சண்டையில் ஒரு பக்கத்தின் உவமை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செல்லின் மேல் உள்ள ஏற்பி வழியாகப் போகும் சேதி நல்லது, மிதக்கும் ஏற்பி வழியாகப் போவது கெட்டது என்று சில இடங்களில் படித்திருப்பீர்கள். அதற்கான சான்றில் பெரும்பகுதி எலிகளிலிருந்து வந்தது, மனிதரில் கோடு அவ்வளவு சுத்தமாக இல்லை. அதேபோல ரத்தத்தின் ஐ.எல்-6 அளவை மட்டும் வைத்து இந்த ஊசி யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்கு வீக்கத்தை ஓட்டுவது வேறு சைட்டோகைனாக இருக்கலாம். அப்படியானால் இந்த வழியைக் கச்சிதமாக அடைத்தும் மூட்டு அடங்காது. மருந்து ஒட்டவில்லை என்பது வேறு, ஒட்டியும் நோய் கேட்கவில்லை என்பது வேறு. இரண்டாவதாக இருந்தால் டாக்டர் வேறு வகைக்கு மாற்றுவார். டி.என்.எஃப். என்ற சைட்டோகைனைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. டி.என்.எஃப். மூன்று துண்டு சேர்ந்த முக்கூட்டு, மூன்று ஏற்பிகளை ஒன்றாகச் சேர்க்கும். அதைப் பிடிக்கும் எட்டனர்செப்ட் என்பது அந்த ஏற்பியின் வெளித்துண்டையே மருந்தாக்கியது. ஜேக் நொதியை உள்ளேயே தடுக்கும் மாத்திரைகளும் உண்டு. இவற்றில் எதைத் தொடங்கும் முன்னும் மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நம் நாட்டில் அதைத் தவிர்க்கவே கூடாது. உங்கள் அம்மாவுக்கும் பார்த்திருப்பார்கள், ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

இனி ஐ.எல்-6 சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஊசி ஓடிக்கொண்டிருக்கும்வரை, இந்த ஊசி கேட்கிறதா என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லாது. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், கேட்காமல் எடுத்ததற்காகத் தயங்க வேண்டாம். இரண்டு ஊசிதான் ஆகியிருக்கிறது. சி.ஆர்.பி. சில வாரங்களில் இறங்கும், மூட்டு முழுதாகப் பதில் சொல்ல மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை காலையில் எழுந்ததும் கை விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த மூட்டில் வீக்கம் இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு, தினமும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.